சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பெண்களும் பன்முகத்தன்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் டிரெய்லர் வருகிறது. நடுவில் ஒரு பெண்ணோ கறுப்பினத்தவரோ நின்றால் போதும், அதே சந்தேகங்கள் திரும்ப வந்துவிடும். சிலர் ஆர்வத்தில் கேட்கிறார்கள், சிலர் எரிச்சலில் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இந்தத் தொகுப்பு. கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன். இங்கே பேசப்படுபவை அமெரிக்க காமிக்ஸும் அதிலிருந்து வந்த படங்களும்.

1. சூப்பர் ஹீரோன்னாலே ஆம்பளைங்க சமாச்சாரம்தானே? பெண்கள் எப்போ உள்ள வந்தாங்க?

ஏறக்குறைய ஆரம்பத்திலேயே வந்துவிட்டார்கள். சூப்பர்மேன் 1938ல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமானார். லோயிஸ் லேனும் அதே இதழில் இருக்கிறார், வேலைக்குப் போகும் பத்திரிகையாளராக. 1941 ஏப்ரலில் ‘மிஸ் ஃப்யூரி’ செய்தித்தாள் தொடராகத் தொடங்கியது. அதை எழுதி வரைந்தவர் ஜூன் டார்ப்பே மில்ஸ் என்ற பெண். கதையை உருவாக்கியது ஒரு பெண் என்று தெரிந்தால் சிறுவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று நினைத்து, ‘ஜூன்’ என்பதை விட்டுவிட்டு ‘டார்ப்பே மில்ஸ்’ என்றே கையெழுத்திட்டார். அதே 1941ன் கடைசியில் வொண்டர் வுமன் வந்தார்.

ஆகவே, பெண்கள் எப்போது வந்தார்கள் என்பதைவிட, வந்தவர்களுக்குக் கதையில் என்ன வேலை கொடுத்தார்கள், அதை முடிவு செய்தது யார் என்று கேட்பது பயன் தரும். கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கே திரும்பி வரும்.

2. வொண்டர் வுமனை உருவாக்கினதே ஒரு ஆண்தானே? அப்புறம் எப்படி பெண்ணியம்?

ஆமாம், வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர்தான் உருவாக்கினார். வரைந்தது ஹெச்.ஜி. பீட்டர். உலகைப் பெண்கள் ஆள வேண்டும் என்று மார்ஸ்டன் உண்மையாகவே நம்பினார், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். அவருடைய கதைகளில் கட்டிப்போடும் காட்சிகள் ஏராளம், அன்றே அதற்கு ஆட்சேபம் எழுந்தது. இரண்டும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாதது ஜாய் ஹம்மலின் கதை. மார்ஸ்டனின் மாணவியான இவர் 1944ல் உதவியாளராகச் சேர்ந்தார். மார்ஸ்டனுக்குப் போலியோ தாக்கிய பிறகு கதைகளை முழுதாகவே எழுதித் தந்தார். அச்சில் அவர் பெயர் வரவில்லை. அங்கீகாரம் கிடைத்தபோது அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். அதே 1940களில் வேறொரு எழுத்தாளரின் கையில் வொண்டர் வுமன் ‘ஜஸ்டிஸ் சொசைட்டி’ என்ற ஹீரோக்கள் குழுவில் சேர்ந்தபோது, அங்கே அவருக்குக் கிடைத்த பதவி காரியதரிசி. ஆண்கள் சண்டைக்குப் போவார்கள், தெய்வங்களிடம் சக்தி பெற்ற இவர் அலுவலகத்தில் இருப்பார். எழுதுகிற கை மாறினால் பாத்திரமும் மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

3. அவ்வளவு முன்னாடியே வந்தவங்க 1950, 60கள்ல ஏன் மங்கிப்போனாங்க?

போர் முடிந்ததும் சூப்பர் ஹீரோ இதழ்களின் விற்பனையே படுத்துவிட்டது. அப்புறம் 1954ல் ஃப்ரெட்ரிக் வெர்த்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார், செனட் விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ‘காமிக்ஸ் கோட்’ என்ற தணிக்கை முறையை அமைத்துக்கொண்டார்கள். பெண்களின் உடலை மிகைப்படுத்தாமல் வரைய வேண்டும் என்று அதில் ஒரு நல்ல விதியும் இருந்தது. ஆனால் காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்றும் விதித்தார்கள். சாகசம் செய்யும் பெண்ணுக்கு இடம் குறுகியது.

அந்தத் தணிக்கை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு கதையைச் சொல்ல வேண்டும். ஈ.சி. காமிக்ஸ் 1953ல் ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்று ஒரு அறிவியல் புனைகதை வெளியிட்டது. ஆரஞ்சு ரோபோக்களும் நீல ரோபோக்களும் உள்ள கிரகத்துக்கு பூமியிலிருந்து ஒரு ஆய்வாளர் போகிறார். உறையின் நிறத்தைத் தவிர ரோபோக்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை, ஆனால் நீலத்துக்கு ஒதுக்குப்புற வாழ்க்கை. இந்தக் கிரகம் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கப்பலுக்குத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில்தான் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். உள்ளே ஒரு கறுப்பின மனிதர், முகத்தில் வியர்வைத் துளிகள். இதை மறுபதிப்பு செய்யும்போது அந்த மனிதரை மாற்றச் சொன்னது தணிக்கை அமைப்பு. மாற்றினால் கதையே இல்லை என்று பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் மறுத்து, அப்படியே அச்சிட்டார்.

1961ல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ குழுவில் சூ ஸ்டார்ம் என்ற பெண் இருந்தார். அவருக்குக் கொடுத்த சக்தி கண்ணுக்குத் தெரியாமல் போவது. 1968ல் வொண்டர் வுமனிடமிருந்தே சக்திகளைப் பிடுங்கி, சாதாரண உடையில் உலவவிட்டார்கள். 1972ல் ‘மிஸ்’ என்ற பெண்ணியப் பத்திரிகை பழைய வொண்டர் வுமனை அட்டையில் போட்டுக் கொண்டாடியது. கொஞ்ச நாளில் சக்தியும் உடையும் திரும்பக் கிடைத்தன. 1975ல் லிண்டா கார்ட்டர் நடித்த தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது.

4. பெண்கள் காமிக்ஸ் படிக்கறதே இல்லையே, யாருக்காக இதெல்லாம்?

1940களில் பையன்களும் பெண்களும் சேர்ந்தே படித்தார்கள். காதல் காமிக்ஸ் என்ற வகை பெண் வாசகர்களை நம்பியே ஓடியது. பிறகு நடந்தது வணிக மாற்றம். 1970களின் கடைசியிலிருந்து இதழ்கள் பொதுக்கடைகளை விட்டு, காமிக்ஸுக்கென்றே இருக்கும் சிறப்புக் கடைகளுக்கு நகர்ந்தன. அங்கே வழக்கமாக வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கடைக்காரர் சில மாதங்களுக்கு முன்பே இத்தனை பிரதி என்று சொல்லி வாங்க வேண்டும், விற்காததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கைக்காசு போகும் என்றால் யாரும் தெரிந்த பெயரைத்தான் வாங்கி வைப்பார்கள். பெண்கள் அந்தக் கடைக்கு வரவில்லை என்பதை, அவர்கள் படிக்கவே மாட்டார்கள் என்று தொழில்துறை எடுத்துக்கொண்டது.

5. ‘ஃப்ரிட்ஜிங்’னு ஏதோ சொல்றாங்களே, அது என்ன?

1994ல் வந்த ‘கிரீன் லான்டர்ன்’ 54ஆவது இதழில் நாயகன் கைல் ரேனர் வீட்டுக்கு வருகிறான். காதலி அலெக்ஸாண்ட்ராவை வில்லன் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்து வைத்திருக்கிறான். அவளுடைய சாவு எதற்கு என்றால், அவனுக்குக் கோபம் வருவதற்கு. 1999ல் கெயில் சிமோன் என்ற வாசகி, அப்போது அவர் தொழில்முறை எழுத்தாளர் இல்லை, இப்படிக் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்தார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. 1973ல் பாலத்திலிருந்து விழுந்து இறந்த, ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியும் இந்த வரிசைதான்.

“ஆண் ஹீரோக்களும்தானே சாகிறார்கள்?” என்று உடனே கேட்பார்கள். சாகிறார்கள். சூப்பர்மேன் 1992ல் செத்தார். ஆனால் அது அவருடைய கதை, அவருடைய போர், அவருடைய சவ ஊர்வலம். சில மாதங்களில் திரும்பியும் வந்துவிட்டார். அலெக்ஸாண்ட்ராவுக்குக் கதையும் இல்லை, திரும்பி வருதலும் இல்லை. ஒரு பெண் பாத்திரம் சாவதில் தவறில்லை. அந்தச் சாவு யாருடைய கதைக்குச் சொந்தம் என்று பார்க்க வேண்டும்.

6. பார்பரா கார்டனைத் திரும்ப நடக்க வெச்சது நல்ல விஷயம்தானே? அதுக்கும் ஏன் சண்டை?

பார்பரா கார்டன் 1967ல் வந்த பேட்கேர்ள். 1988ல் ‘தி கில்லிங் ஜோக்’ கதையில் ஜோக்கர் அவரைச் சுட்டு முடமாக்குகிறான், அதுவும் அவருடைய அப்பாவைப் பைத்தியமாக்குவதற்காக. மேலே சொன்ன வழக்கத்துக்கு நேரான உதாரணம். அதை அப்படியே விட மனமில்லாமல் எழுத்தாளர்கள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அடுத்த ஆண்டே அவரை ‘ஆரக்கிள்’ ஆக்கினார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கணினி வழியாக ஹீரோக்கள் எல்லோருக்கும் தகவல் தரும் மூளை. பேட்மேனே அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இருபது வருடங்களுக்கு மேல் அப்படி இருந்தவரை 2011ல் டிசி நிறுவனம் குணமாக்கி, மீண்டும் பேட்கேர்ள் ஆக்கியது. மாற்றுத்திறன் கொண்ட வாசகர்களுக்கு இது இழப்பு. தங்களைப் போல ஒருவர் இத்தனை பெரிய பொறுப்பில் இருந்த பாத்திரம் வேறு இல்லை. இன்னொரு பக்கம், செத்தவர்களே எழுந்து வரும் உலகத்தில் இந்த ஒரு பெண்ணை மட்டும் ஏன் குணப்படுத்தக் கூடாது என்ற வாதமும் நியாயமானது. அந்தப் புதிய தொடரை எழுதியது, அதே கெயில் சிமோன். என் எண்ணம் கேட்டால், ஆரக்கிளை இழந்திருக்க வேண்டாம். பேட்கேர்ள் உடை போட்ட வேறு பெண்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆரக்கிளுக்கு மாற்று யாரும் இல்லை.

7. உடையைப் பத்தி ஏன் இவ்வளவு புலம்பல்? ஆண்களும் இறுக்கமாத்தானே போடறாங்க?

இறுக்கமான உடை யாருக்கும் பிரச்சினை இல்லை. உடலை எதற்காகக் காட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஆணின் தசை, படிப்பவன் தான் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு. பெண்ணின் உடல், பார்த்து ரசிப்பதற்கு. 2012ல் ரசிகர்கள் சிலர் இதை வரைந்தே காட்டினார்கள். அட்டைப்படங்களில் பெண்கள் நிற்கும் அதே முதுகு முறுக்கிய நிலையில் ஹாக்ஐ என்ற ஆண் ஹீரோவை வரைந்து வெளியிட்டார்கள். ஒரு பக்க விளக்கம் தேவைப்படாமல் விஷயம் புரிந்தது.

திரையில் பார்க்க ஹார்லி க்வின் போதும். இரண்டு படங்களிலும் அந்த வேடத்தில் நடித்தவர் மார்கோ ராபிதான். 2016ன் ‘சூசைட் ஸ்க்வாட்’ படத்தில் கேமரா அவருடைய குட்டைக் கால்சட்டையை விட்டு நகர மறுக்கிறது. 2020ல் கேத்தி யான் இயக்கிய ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’யிலும் உடை மினுமினுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அவரே ஆசைப்பட்டுப் போட்டது போல இருக்கிறது. கடைசிச் சண்டையில் கூட்டாளி பிளாக் கேனரியின் கூந்தல் முகத்தில் விழுந்து இடைஞ்சல் செய்கிறது. அடிதடி நடுவே ஹார்லி, “ஹேர் பேண்ட் வேணுமா?” என்று கேட்டு எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு நொடிதான். நீளக் கூந்தலை விரித்துப்போட்டுச் சண்டையிடும் எத்தனையோ பெண்களைப் பார்த்தாயிற்று, அது கண்ணை மறைக்கும் என்று எனக்குத் தெரிந்து முதலில் யோசித்த படம் இதுதான்.

8. முதல் கறுப்பின சூப்பர் ஹீரோ பிளாக் பாந்தர்தானே?

பெரிய நிறுவனங்களின் முதன்மையான காமிக்ஸ் என்று சொன்னால் சரி. 1966ல் ஸ்டான் லீ, ஜாக் கெர்பி இருவரும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 52ஆவது இதழில் கொண்டுவந்தார்கள். முதல் ஆப்பிரிக்க-அமெரிக்க ஹீரோ 1969ன் ஃபால்கன். அதற்கெல்லாம் முன்பே, 1947ல் ஓரின் எவான்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை வைத்து ஒரு காமிக்ஸ் வெளியிட்டார். அதில் ‘லயன் மேன்’ என்ற நாயகன் உண்டு. இரண்டாவது இதழுக்குத் தாள் விற்க ஆள் கிடைக்காமல் அது ஒரே இதழோடு நின்றது. அதே காலத்தில் பெரிய நிறுவனங்களின் இதழ்களில் தடித்த உதடும் கொச்சைப் பேச்சுமாகக் கறுப்பினத்தவரையும் சீனரையும் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருந்தார்கள்.

1993ல் ட்வெயின் மக்டஃபி உள்ளிட்ட நான்கு கறுப்பினத்தவர் சேர்ந்து ‘மைல்ஸ்டோன்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் ‘ஸ்டாட்டிக்’ பிறகு கார்ட்டூன் தொடராகவும் வந்தது. ஒரே ஒரு கறுப்பின ஹீரோ இருந்தால் அவர் தன் இனம் முழுவதற்கும் பிரதிநிதி ஆகிவிடுவார். பத்துப் பேர் இருந்தால் ஒருவர் கோழையாகவும் ஒருவர் சுயநலக்காரராகவும் இருக்கலாம், யாருக்கும் சங்கடமில்லை. மைல்ஸ்டோன் செய்தது அதைத்தான்.

2018ல் ரயன் கூக்ளரின் ‘பிளாக் பாந்தர்’ படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படமும் ஆனது. உடையலங்காரத்துக்கு ரூத் கார்ட்டரும், தயாரிப்பு வடிவமைப்புக்கு ஹன்னா பீச்லரும் ஆஸ்கர் வாங்கினார்கள். அந்தப் படத்தில் ராஜாவைச் சுற்றி ஒற்றனாக, படைத்தளபதியாக, விஞ்ஞானியாக இருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். மாறுவேடத்துக்காகப் போட்ட சவுரியைப் படைத்தளபதி ஒகோயே சண்டையின் முதல் நொடியில் கழற்றி எதிரியின் முகத்தில் எறிவார். அவருடைய மழித்த தலைதான் அவருக்குப் பெருமை, சவுரி அவமானம். அழகு பற்றிய வழக்கமான கணக்கைத் திருப்பிப்போட்ட காட்சி.

9. எக்ஸ்-மென்னே ஒடுக்கப்பட்டவங்க கதைதானே? அதுக்கு மேல என்ன வேணும்?

பிறவியிலேயே வேறுபட்டவர்களைச் சமூகம் வெறுக்கிறது என்பது நல்ல உருவகம்தான். ஆனால் 1963ன் முதல் எக்ஸ்-மென் குழு ஐந்து வெள்ளைக்காரப் பதின்பருவத்தினர். ஒடுக்குமுறையின் வலியைச் சொன்னார்கள், அதை அன்றாடம் அனுபவித்தவர்களுக்குக் கதையில் இடமில்லை. 1975ல்தான் கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்க்ராலர், ரஷ்யாவிலிருந்து கொலாசஸ் என்று குழு மாறியது. அதன் பிறகு க்ரிஸ் க்ளேர்மான்ட் பதினாறு வருடம் எழுதினார், லூயிஸ் சிமன்சன், ஆன் நொசென்டி என்ற பெண் ஆசிரியர்கள் வழிநடத்தினார்கள். 1986ல், தன் சக்திகளை இழந்திருந்த நிலையிலேயே ஸ்டார்ம், சைக்ளாப்ஸோடு மோதித் தலைமையைக் கைப்பற்றினார். படங்களில் அந்த ஸ்டார்முக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். கதை வோல்வரினைச் சுற்றியே போனது.

10. நல்லா போயிட்டிருந்ததுல அரசியலை ஏன் திணிக்கறாங்க?

அரசியல் இல்லாத காலம் ஒன்று இருந்ததே இல்லை. கேப்டன் அமெரிக்காவின் முதல் அட்டையில் அவர் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறார். அந்த இதழ் கடைக்கு வந்தபோது அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கெர்பியும் யூதர்கள். 1946ல் சூப்பர்மேன் வானொலி நாடகம், சீன-அமெரிக்கக் குடும்பம் ஒன்றை மிரட்டும் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைப் போன்ற கும்பலை எதிரியாக வைத்துச் சில வாரம் ஓடியது.

மோசமாக எழுதினால் எந்த அரசியலும் பிரசங்கம் போலத்தான் தோன்றும், அந்தக் குறை நியாயமானது. அதை எழுத்தின் குறையாகச் சொல்லுங்கள்.

11. புதுசா ஒரு கேரக்டர் உருவாக்கலாமே, ஏன் பழைய ஆளோட நிறத்தையும் பாலினத்தையும் மாத்தணும்?

அடிக்கடி வரும் கேள்வி, நேர்மையான கேள்வியும்கூட. முதல் காரணம் கடை. நான்காவது பதிலில் சொன்ன முறையில், புதுப் பெயரோடு வரும் இதழை யாரும் வாங்கி வைக்கத் துணிவதில்லை. இரண்டாவது காரணம் உரிமை. இந்த நிறுவனங்களுக்காக உருவாக்கும் பாத்திரம் நிறுவனத்துக்கே சொந்தம். சூப்பர்மேனின் உரிமையை சீகலும் ஷூஸ்டரும் 130 டாலருக்கு விற்ற கதை எல்லா எழுத்தாளருக்கும் தெரியும். நல்ல புதுக் கற்பனை இருந்தால் அதைத் தன் சொந்தத் தொடருக்கு வைத்துக்கொள்வார்கள்.

அதனால் பழைய பட்டத்தைப் புது ஆளுக்குக் கொடுக்கும் வழி வந்தது. 2011ல் ஸ்பைடர்மேன் பட்டத்தோடு வந்த கறுப்பினப் பையன் மைல்ஸ் மொராலஸ், பழைய ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கரின் நிறம் மாறிய வடிவம் இல்லை. வேறு குடும்பம், வேறு பயம், வேறு பையன். பீட்டரும் எங்கும் போய்விடவில்லை. காமிக்ஸில் முதலில் வெள்ளையராக இருந்த நிக் ஃப்யூரியையும் பாருங்கள். 2002ன் ‘அல்டிமேட்ஸ்’ காமிக்ஸில் அவரை சாமுவேல் ஜாக்சன் சாயலில் வரைந்தார்கள், 2008ல் அதே சாமுவேல் ஜாக்சன் திரையில் வந்தார். இன்று யாராவது அந்த நிக் ஃப்யூரியைக் குறை சொல்கிறார்களா?

மாற்றம் எதிர்த்திசையிலும் நடக்கும். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ காமிக்ஸில் குரு ஒரு திபெத்தியர். 2016 படத்தில் அந்த வேடத்தில் டில்டா ஸ்விண்டன் நடித்தார். பாத்திரம் பெண்ணானது, ஆனால் ஆசிய நடிகருக்கான ஒரு பெரிய வேடம் போனது. அது தவறிப்போன முடிவு என்று மார்வெல் தலைவர் கெவின் ஃபைகியே பிறகு ஒப்புக்கொண்டார்.

12. கமலா கானை இப்படிக் கொண்டாட என்ன இருக்கு?

2014ல் தனித் தொடராக வந்த ‘மிஸ் மார்வெல்’ நாயகி, நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தானிய-அமெரிக்க முஸ்லிம் சிறுமி. எழுதியது ஜி. வில்லோ வில்சன், வரைந்தது ஏட்ரியன் அல்ஃபோனா, ஆசிரியர் சனா அமனத். 2015ல் ஹியூகோ விருது வாங்கியது.

ஆனால் நான் கொண்டாடுவது விருதுக்காக இல்லை. கமலாவுக்கு உருவம் மாறும் சக்தி கிடைத்ததும் அவள் முதலில் என்ன ஆகிறாள் தெரியுமா? தான் ஆராதிக்கும் கேரல் டான்வர்ஸ், அதாவது கேப்டன் மார்வெல் போல, பொன்னிறக் கூந்தலும் உயரமும் வெள்ளைத் தோலும் உள்ள பெண்ணாக. சிறுவயதிலிருந்து அவளுக்குக் காட்டப்பட்ட ஹீரோ அப்படித்தான் இருந்தாள். ஆனால் அந்த உடை உறுத்துகிறது, முடி தொல்லை செய்கிறது, பூட்ஸ் சரியாக இல்லை. பிறகு தன் வீட்டில் கிடந்த புர்கினியை, அதாவது உடல் மூடிய நீச்சலுடையை, மாற்றிச் சாகச உடையாக்கிக்கொள்கிறாள். ‘பிரதிநிதித்துவம்’ என்று மேடையில் பேசுவதை எல்லாம் இந்தச் சில பக்கங்கள் ஒரு பெண்ணின் அசௌகரியமாகவே சொல்லிவிடுகின்றன.

2022 தொலைக்காட்சித் தொடரில் அவளுடைய சக்தியை ஒளிவடிவமாக மாற்றினார்கள். உடல் நீள்வதும் சுருங்குவதும் பதின்பருவப் பெண்ணின் உடல் தவிப்புக்குப் பொருத்தமாக இருந்தது, அது போனதில் எனக்கு வருத்தம். இமான் வெல்லானியின் நடிப்பு பெரும்பகுதியை ஈடுகட்டியது.

13. பெண்ணை வெச்சு எடுத்தா படம் ஓடாதுன்னு கணக்கே சொல்லுதே?

எந்தக் கணக்கு? 1984ன் ‘சூப்பர்கேர்ள்’, 2004ன் ‘கேட்வுமன்’, 2005ன் ‘எலக்ட்ரா’ மூன்றும் தோற்றன. ஹாலிவுட் நிர்வாகிகளின் கசிந்த மின்னஞ்சல் ஒன்றில் இந்த மூன்று பெயர்களையே அடுக்கியிருந்தார்கள். ‘எலக்ட்ரா’வுக்குப் பிறகு பன்னிரண்டு வருடம், பெரிய நிறுவனங்கள் ஒரு பெண்ணைத் தனி நாயகியாக வைத்து சூப்பர் ஹீரோ படம் எடுக்கவில்லை. ‘கேட்வுமன்’ மோசமான படம். காமிக்ஸின் கேட்வுமனான செலினா கைலே அதில் கிடையாது, வில்லி ஒரு அழகுசாதன நிறுவனத்தைச் சேர்ந்தவர். அது ஹாலி பெர்ரி பெண்ணாக இருந்ததால் தோற்கவில்லை. 2011ல் ‘கிரீன் லான்டர்ன்’ படுத்தது. ஆண்களை வைத்து இனி எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதே ரயன் ரெனால்ட்ஸ் ஐந்தாவது வருடம் ‘டெட்பூல்’ ஆக வந்து நின்றார். அந்த இரண்டாவது வாய்ப்புதான் இங்கே பேச்சு.

2017ல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய ‘வொண்டர் வுமன்’ 80 கோடி டாலரைத் தாண்டியது. பதுங்குகுழியிலிருந்து ஏணி ஏறி, யாரும் கடக்காத வெட்டவெளியில் டயானா நடக்கும் காட்சி தேவையில்லை என்று படக்குழுவிலேயே சிலர் சொன்னார்களாம், ஜென்கின்ஸ் பிடிவாதமாக வைத்துக்கொண்டார். படம் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். 2019ல் ‘கேப்டன் மார்வெல்’ 110 கோடியைத் தாண்டியது.

2023ன் ‘தி மார்வெல்ஸ்’ சுமார் 20 கோடியோடு நின்றுவிட்டது, உண்மை. நடிகர் வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் வெளியானதால் விளம்பரத்துக்கு நடிகர்களே போக முடியவில்லை. கதை புரிய மூன்று தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்திருக்க வேண்டிய நிலை வேறு. அதே ஆண்டில் ‘தி ஃப்ளாஷ்’ படமும் தோற்றது. மக்களுக்கு அந்த வகைப் படங்களே அலுத்திருந்தன.

14. மார்வெல்காரங்களே பன்முகத்தன்மை விக்கலைன்னு சொன்னாங்களே?

2017ல் விற்பனைப் பிரிவின் துணைத் தலைவர் ஒருவர், கடைக்காரர்கள் அப்படிச் சொன்னதாகப் பேட்டியில் சொன்னார், பிறகு விளக்கமும் கொடுத்தார். கடைக்காரர்கள் சொன்னது தங்கள் கடை நிலவரம். நான்காவது பதிலைத் திரும்பப் பாருங்கள், அந்தக் கடைகளுக்கு யார் வருகிறார்கள் என்று. ‘மிஸ் மார்வெல்’ டிஜிட்டலிலும், புத்தகக் கடைகளில் தொகுப்பு நூலாகவும் நன்றாகப் போனது. மாத இதழ் விற்பனைப் பட்டியலில் அது தெரியாது.

15. பொம்மைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 2015ன் அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து பைக்கோடு குதிப்பது பிளாக் விடோ. பொம்மையாக வந்தபோது பைக்கில் கேப்டன் அமெரிக்கா இருந்தார். ‘அயர்ன் மேன் 3’ படத்தின் வில்லன் முதலில் பெண்ணாக எழுதப்பட்டதாகவும், பெண் பொம்மை விற்காது என்று மாற்றச் சொன்னதாகவும் இயக்குநர் ஷேன் பிளாக் 2016ல் சொன்னார். படத்தின் கதையையே பொம்மைக் கணக்கு மாற்றியிருக்கிறது.

16. ‘எண்ட்கேம்’ல பெண்கள் எல்லாரையும் ஒரே ஃப்ரேம்ல நிறுத்தினாங்களே, அது நல்லதா, கெட்டதா?

திரையரங்கில் சிறுமிகள் கைதட்டினார்கள், அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே படத்தில் நட்டாஷா, அதாவது பிளாக் விடோ, இறக்கிறாள். அயர்ன் மேன் டோனிக்கு நீண்ட இறுதிச்சடங்கு, அவெஞ்சர்ஸ் ஆறு பேரில் ஒருத்தியாகத் தொடங்கிய நட்டாஷாவுக்கு ஏரிக்கரையில் நண்பர்களின் சில நிமிட அழுகை. இது ஐந்தாவது கேள்வியில் சொன்ன ‘ஃப்ரிட்ஜிங்’தானா என்றால், முழுக்க இல்லை. முடிவு அவளுடையது, அதற்காக அவள் சண்டை போட்டே ஜெயிக்கிறாள். ஆனால் அவளுக்கென்று தனிப் படம் வந்தது 2021ல், அவள் பாத்திரம் இறந்துபோன பிறகு. அவள் முதலில் திரைக்கு வந்ததிலிருந்து ஆன பதினொரு வருடத் தாமதத்தை ஒரு குழுப்படக் காட்சி ஈடுகட்டாது.

17. தற்பால் ஈர்ப்பாளர்கள் எப்போ வந்தாங்க?

காமிக்ஸ் கோட் அதை நீண்ட காலம் தடை செய்திருந்தது. 1992ல் ‘ஆல்ஃபா ஃப்ளைட்’ இதழில் நார்த்ஸ்டார் என்ற ஹீரோ தன்னை வெளிப்படுத்திக்கொண்டார், 2012ல் அவருடைய திருமணமே ஒரு இதழானது. 2006ல் வந்த பேட்வுமன் கேட் கேன் தன் காதலியை மணக்க டிசி 2013ல் அனுமதிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்த இருவரும் தொடரை விட்டு விலகினார்கள். ஹீரோக்கள் யாருக்குமே நிம்மதியான இல்லறம் கூடாது என்பது டிசி சொன்ன காரணம்.

18. எனக்கு ஒரு படம் பிடிக்கலைன்னா உடனே பெண் வெறுப்பாளன்னு சொல்லிடறாங்களே?

படம் பிடிக்காமல் போவது உங்கள் உரிமை, நானே மேலே நாலைந்து குறை சொல்லியிருக்கிறேன். பார்க்காமலே மதிப்பெண் போட்டுக் கவிழ்ப்பது வேறு. ‘கேப்டன் மார்வெல்’ வெளியாகும் முன்பே அப்படி நடந்ததால், ‘ராட்டன் டொமேட்டோஸ்’ என்ற பட விமர்சனத் தளம் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துப் பகுதியை எடுத்துவிட்டது. 2017ல் மார்வெலில் வேலை பார்த்த இளம்பெண்கள் சிலர், காலமான மூத்த சக ஊழியை ஒருவரின் நினைவாக மில்க்‌ஷேக் குடிக்கும் படத்தைப் போட்டார்கள். அதற்கு வந்த வசவுகளைப் பார்த்து, துறையில் இருந்த பலர் ஆதரவாக மில்க்‌ஷேக் படங்களைப் போட வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் செய்ததெல்லாம் ஒன்றாகச் சிரித்தது மட்டும்தான்.

உங்களுக்கு நீங்களே ஒரு சோதனை வைக்கலாம். இதே குறை உள்ள ஆண் நாயகனின் படத்தையும் இதே வேகத்தில் திட்டினீர்களா? ஆமாம் என்றால் உங்கள் விமர்சனத்தில் தவறே இல்லை.

19. பெண் கதையைப் பெண்தான் எழுதணுமா?

கட்டாயமில்லை. ஸ்டார்மை உயர்த்திய க்ளேர்மான்ட் ஆண். ‘பேட்வுமன்: எலஜி’ எழுதிய க்ரெக் ருக்காவும் ஆண், அது அருமையான கதை. ஆனால் எண்பது வருடமாகப் பெண்கள் அந்த அறைக்குள் பெயர் இல்லாமலே வேலை செய்திருக்கிறார்கள், இரண்டாவது பதிலில் சொன்ன ஜாய் ஹம்மல் போல. வொண்டர் வுமன் காமிக்ஸை ஒரு பெண், ட்ரீனா ராபின்ஸ், வரைய 1986 வரை ஆனது. யார் எழுதினாலும் சரி என்று சொல்வதற்கு முன்னால், எல்லோருக்கும் எழுத வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும்.

20. சரி, எதுல இருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

கமலா கானின் முதல் தொகுப்பு. எந்த முன்கதையும் தெரிய வேண்டாம். அடுத்து, பத்தாவது பதிலில் சொன்ன வானொலி நாடகத்தை வைத்து ஜீன் லுவென் யாங் எழுதிய ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த க்ளான்’, பிள்ளைகளோடும் படிக்கலாம். கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் 2003ன் ‘ட்ரூத்’. கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய மருந்தைக் கறுப்பினச் சிப்பாய்களின் மேல் சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும் கதை. ஆரக்கிளைத் தெரிந்துகொள்ள கெயில் சிமோன் 2003லிருந்து எழுதிய ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ இதழ்கள். அவற்றை அந்தப் படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கதை முற்றிலும் வேறு.